வலது கைக் கையுறையும் கீழ்பென்னாத்தூர் மினி பஸ்ஸும்

1

காலை ஏழு மணி பத்து நிமிடம். பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு குழந்தையின் கையுறை. சிவப்புக் கம்பளி, வலது கை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு நூல் கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் அதை மாட்டியிருந்தார்கள். கீழே ஓர் அட்டை: "செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த பஸ்ஸிலேயே சுற்றுகிறேன். ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று. என் இடது கை உங்கள் வீட்டில் இருந்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், ஓயாமல் மழை பெய்யும் ஒரு நகரம். இங்கே பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நிறுத்தத்தில்கூட இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவது ஆள் நிற்கிற அளவு இடம் விட்டே நிற்பார்கள். அப்படிப்பட்டவர்கள் அன்று அந்த அட்டையைப் படித்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழையபடி ஆளுக்கொரு ஜன்னல்.

படம் எடுத்து, அட்டையில் இருந்ததைத் தமிழில் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன்.

தம்பி குமரேசன் கீழ்பென்னாத்தூரில் ஒரு மினி பஸ்ஸுக்கு முதலாளி. கண்டக்டரும் அவன்தான். சுற்றுக் கிராமங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்புகிற வண்டி. அப்பா வாங்கியது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. முன்கண்ணாடிக்கு மேலே 'ஏழுமலை' என்று அவர் பெயர் மஞ்சள் பெயின்டில் அப்படியே இருக்கிறது.

பதில் குரல் செய்தியாக வந்தது. பின்னணியில் எஞ்சின் உறுமியது.

"ஒத்தக் கையுறைக்கு இவ்ளோ மரியாதையாக்கா? இங்க முழு ஆளே ஏற மாட்டேன்றான்."

விளையாட்டாகச் சொன்னதல்ல அது. அதே சாலையில் காலையில் அரசு டவுன் பஸ் ஒன்று கூடுதலாக விட்டிருக்கிறார்கள். தம்பியின் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. அவனுடைய காலை முதல் நடையை நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்: கடைகளில் வேலை செய்பவர்கள், நர்சிங் படிப்பவர்கள், பூ வியாபாரிகள். அவர்கள் அதில் ஏறிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கே இருந்தாலும் அதில்தான் ஏறுவேன்.

தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போக வண்டி தேடிய காண்ட்ராக்டர் ஒருவர் தம்பியிடம் பேசியிருந்தார். வண்டியை அவருக்கு விற்றால் அப்பா பெயரை அழித்துவிட்டுத் தொழிற்சாலைப் பெயரை எழுதுவார்கள். கைகாட்டினால் வண்டி நிற்காது. மற்றபடி நல்ல விலை, கவலையில்லை. தீபம் வரைக்கும் யோசிக்கிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான்.

2

பஸ் என்றால் எனக்கு ஒரே வகைச் செய்திதான் தெரியும். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த பஸ் செய்திகள் மோதல், மறியல், படிக்கட்டுப் பயணம், இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பஸ் ஒன்று பயணியைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்கிறது என்று யாராவது எழுதி அனுப்பியிருந்தால் நிச்சயம் வெட்டியிருப்பேன்.

இங்கே முயற்சி செய்கிறார்கள். இலையுதிர்காலம் முடிந்து இருட்டு தொடங்கும்போது, கோட்டில் மாட்டிக்கொள்ளும் வெளிச்சப் பட்டையை ஓட்டுநரே கையில் கொடுக்கிறார். வண்டி விளக்கு பட்டால் மின்னும். அதில் எழுதியிருப்பது: "உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி." இரட்டை இருக்கைகளில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: "இங்கே பக்கத்தில் உட்காரலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை." பஸ் தாமதமானால் பலகையில், "தவறு எங்களுடையது. மழை நிரபராதி." நான் இந்த வாசகங்களைச் சேகரிக்கிறேன். எழுதுகிறவரின் முகம் எப்படி இருக்கும் என்று யோசிப்பதுண்டு.

இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம். வந்த முதல் குளிர்காலத்தில் மொழி வகுப்பில் இரண்டு நன்றிகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பயணத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. நான் இறங்கும்போது ஓட்டுநரிடம் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன். அவர் முகம் மாறாமல், விருந்து வைத்தவர்கள் சொல்கிற பதிலைச் சொன்னார். மறுநாள் என்னைக் கண்டதும், "இன்றைக்கு மீன்" என்றார்.

பெயர் விஷயம் இன்னொன்று. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் என் பெயரும் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டுமோ அதற்கு எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன. இங்கே எல்லோரையும் முதல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அதனால் இந்த நாட்டின் கணினிகள் அனைத்துக்கும் நான் ஏழுமலை. மாற்றலாம். ஒவ்வோர் அலுவலகமும் முதலில் இன்னொன்றில் மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறது, மிகவும் இனிமையாக. அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டில் படுத்திருந்தபோது பஸ் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "ஹாய் ஏழுமலை! போன வாரம் முழுக்க உங்களைக் காணோமே. நீங்கள் இல்லாமல் பஸ்ஸுக்கு ஒரு மாதிரி இருக்கிறது."

இரண்டு முறை படித்தேன். மகள் இனியா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். தமிழில் அவள் சொல்லும் சொற்கள் 'சரி', 'போதும்', 'அப்புறம்' என்று சுருங்கிவிட்டன.

"அது எல்லாருக்கும் தானாகப் போகும் அம்மா," என்றாள் அவள் மொழியில். தாத்தா பெயரைச் சுட்டிக்காட்டி, "சரி, தாத்தா இப்போது இல்லை என்று இதற்கு எப்படித் தெரியும், பாவம்?" என்றாள். கணினியைத்தான் சொன்னாள்.

3

தீபத்துக்கு ஊருக்குப் போக அவளுடைய பள்ளியில் விடுப்பு வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். "ஒரு மலையின் உச்சியில் விளக்கு ஏற்றுவார்கள். குடும்பம் கூடும்" என்று எழுதினேன். தலைமையாசிரியை இரண்டு வாரம் அனுமதித்துப் பதில் அனுப்பினார். மலை எத்தனை உயரம் என்று கேட்டிருந்தார். திரும்பி வந்ததும் மாணவி வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நிபந்தனை. வேலை காரணமாக என் கணவர் வரவில்லை. நாங்கள் இருவர்தான்.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் முதல் நடையில் ஏறினோம். டவுன் பஸ் போய் அதிக நேரம் ஆகவில்லை, நிறுத்தத்தில் டீசல் வாசனை இருந்தது. எங்கள் வண்டியில் எங்களையும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற கூட்டம். பூக்கூடையோடு சரோஜாக்கா மட்டும் பழைய ஆள். டவுன் பஸ் நெரிசலில் கூடை நசுங்கும் என்பதால் இதில் வருகிறார்.

டிரைவர் பாஷா அண்ணன் அப்பா காலத்திலிருந்து ஓட்டுகிறவர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அந்த ஊர்ல கண்டக்டரே இல்லியாமே?" என்றார்.

"இல்லண்ணே. டிரைவர் மட்டும்தான்."

"அப்ப ஜனங்கள யாரு திட்டறது?"

"யாரும் திட்டறதில்ல."

"திட்டாம எப்படி உள்ள தள்ளிப் போவாங்க?"

"தள்ளிப் போற அளவுக்குக் கூட்டம் இல்லண்ணே."

"அப்ப நம்ம வண்டி மாதிரிதான்னு சொல்லு," என்றார் அவர். குமரேசன் முறைத்தான்.

பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது அவன் கேட்டான். "நீ ஒவ்வொண்ணா சொல்லுக்கா. அங்க இன்னா இன்னா பண்றாங்க?"

செய்தி சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். ஏறினால் வணக்கம். இறங்கினால் நன்றி. தாமதமானால் மன்னிப்பு. சின்னச் சின்ன வாசகம். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"இதுக்கெல்லாம் செலவே இல்லியே," என்றான். "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

மாலையில் ஒரு பேனரோடு வந்தான். "பயணிகளை அன்புடன் வரவேற்கிறோம்" என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பிய நிலையில் அவனுடைய படம். படம் எதற்கு என்றேன். பேனர் கடைக்காரர் விடவில்லையாம். "போட்டோ இல்லாம பேனர் அடிச்சா யாருதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாருக்கா. எனக்கும் அது நியாயமாதான் பட்டுச்சி."

4

மறுநாள் காலை வண்டியின் படி ஓரம் குமரேசன் வெள்ளைச் சட்டையில் நின்றான்.

"வாங்க, வணக்கம். பாத்து ஏறுங்க."

சரோஜாக்கா ஏறவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா குமரேசு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன்க்கா. நீங்க உக்காருங்க."

"நீங்களா?" என்று சுற்றிலும் பார்த்துவிட்டு ஏறினார்.

திருவண்ணாமலையில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி, "நம்ம வண்டியில வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றான். இறங்கியவர்களில் ஒருவர் திரும்பி வந்து பேனரைப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "நின்னுட்டான்யா."

"எதுல?"

"எலக்‌ஷன்லதான். பாரேன் சட்டைய."

உள்ளாட்சித் தேர்தல் எப்போது வரும் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். மதியத்துக்குள் செய்தி கீழ்பென்னாத்தூருக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதிக்கொண்டு வந்தார். இன்னொருவர் சின்னம் என்ன என்று கேட்டார்.

"நான் எதுலயும் நிக்கலைங்க."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க தம்பி. பரவால்ல, வெச்சிக்க," என்று மனுவை அவன் பைக்குள் செருகிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் முன்னாள் கவுன்சிலர் டீக்கடைக்கு வந்தார். கோபமில்லை, வருத்தம்.

"உங்கப்பா காலத்துலருந்து பழக்கம். ஒரு வார்த்த சொல்லிட்டு நின்னிருக்கலாம்ல?"

"அண்ணே, சத்தியமா நிக்கலண்ணே."

"அப்ப ஏன்யா கும்புடற?"

"பஸ்ல ஏறினாங்க. அதுக்குக் கும்புட்டேன்."

"பஸ்ல ஏறினதுக்கு யாராவது கும்புடுவாங்களா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நார்வேயில் கும்பிடுகிறார்கள் என்று சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர் கைகூப்பிச் சிரித்தால், அவருக்கு என்ன வேண்டும் என்றுதான் நம் ஆட்கள் முதலில் கேட்பார்கள். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஆனால் "உங்களைக் காணோமே" என்று மின்னஞ்சல் வந்தபோது, இந்தக் கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பேனரைக் கழற்றினார்கள். பாஷா அண்ணன் அதை மடித்துத் தன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் சூடு தடுக்கப் போட்டுக்கொண்டார். "விடு தம்பி," என்றார். "நின்னிருந்தா ஜெயிச்சிருப்ப."

5

குமரேசனை அன்று வீட்டுக்கு அனுப்ப மனமில்லை. செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி ஒரு சிறிய உணவகத்துக்கு மூவரும் போனோம். வெளிநாட்டவர்கள் அதிகம் வருகிற இடம். பரிமாறுகிற இளைஞர் பக்கத்து மேசையில் இருந்த வெளிநாட்டு அம்மாளிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். இன்றைய நாள் எப்படி, சூப் எப்படி, எல்லாம் அற்புதமா, இன்னும் ஏதாவது செய்யட்டுமா. அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் மகிழ்ந்தார்.

பிறகு இளைஞர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"என்னா வேணும்?"

"சாம்பார் இட்லி."

"அது வேணாம்க்கா. சாம்பார் காலைல வெச்சது. தோசை சாப்டுங்க."

ஒரே ஆள், ஒரே ஐந்து நிமிடம். எந்த மேசைக்கு நல்ல சேவை கிடைத்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. அந்த அம்மாள் சந்தோஷமாகச் சூப் குடித்தார். எனக்கு நல்ல தோசை கிடைத்தது.

 இனியா தோசையைப் பிய்த்துக்கொண்டே தன் மொழியில் கேட்டாள். "மாமாவின் பஸ்ஸில் எதையாவது மறந்துவிட்டுப் போவார்களா?"

நான் மொழிபெயர்த்தேன். குமரேசன் முதல் முறையாகச் சிரித்தான். "மறக்கறதா? வந்து பாரு பாப்பா."

வண்டியில் கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அப்பா காலத்துப் பெட்டி. குடைகள், டப்பா மூடிகள், மூக்குக் கண்ணாடி, ஒரு குழந்தைச் செருப்பு, நெகிழி உறையில் போட்ட ஒரு ஜாதகம். கேட்டு வந்தால் கொடுப்பது வழக்கம். யாரும் அநேகமாகக் கேட்டு வருவதில்லை.

இனியா ஒரு கயிற்றை வண்டியின் நீளத்துக்குக் கட்டச் சொன்னாள். அட்டைகளை நான் எழுதுவதாகச் சொன்னேன். அவள் பேனாவைத் தரவில்லை.

"நீ எழுதினா நியூஸ் மாதிரி இருக்கும்மா," என்றாள். தமிழில்.

சில எழுத்துகளைப் பஸ் பலகைகளைப் பார்த்து வரைந்தாள். சொற்களைக் குமரேசனிடம் கேட்டாள். டப்பா மூடிக்கு: "டப்பா இல்லாம எனக்கு வேலையே இல்ல. யாராவது கூட்டினு போங்க." செருப்புக்கு: "நான் எடது கால். வலது கால் வீட்ல அழுவுது." குடைக்கு: "மழை வந்தாதான் என் நெனப்பு வருமா?"

ஜாதகத்தை மாட்டக்கூடாது என்றாள், அது ஒருவருடைய சொந்த விவரம். தொலைத்தவருக்கு வேறு எப்படித் தெரியும் என்றான் குமரேசன். மூடிய உறையோடு மாட்டுவது என்று சமாதானம் ஆயிற்று. இரண்டாவது நடையில் சரோஜாக்கா அதைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். "மக நட்சத்திரம்," என்றார் பொதுவாக. "எங்க நாத்தனார் பையனுக்குப் பாக்கலாம்." இனியா தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் உரியவர் வந்து வாங்கிப்போனார். ஜாதகத்துக்குரிய பெண்ணுக்கு இன்னும் வரன் முடியவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் சரோஜாக்கா கொடுத்தார்.

கயிற்றைப் பற்றி ஊரில் பேச்சு பரவியது. கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள், எங்கள் வண்டி முன்னதாக வந்து நிற்கும் நாட்களில் படியேறி வந்து அட்டைகளைப் படித்தார்கள். சிரித்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். இறங்கி டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

"நான் கண்காட்சி நடத்தறேன்க்கா," என்றான் குமரேசன். தீபத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

6

இரண்டு நாள் கழித்துக் காலையில், நாங்கள் மாட்டாத ஒரு துணிப்பை கயிற்றில் தொங்கியது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கிளிப்பில் செருகியிருந்தார்கள்.

"நான் தொலைஞ்சு போன பை இல்ல. எனக்கு மறதியும் இல்ல. உள்ள லெமன் சாதம். ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நர்ஸுக்குப் படிக்கற பொண்ணு நிக்கும். அதுகிட்ட இறக்கி விட்டுடு."

குமரேசன் படித்துவிட்டுத் தாளை டிரைவரிடம் நீட்டினான். பாஷா அண்ணன், "செல்வியோட கையெழுத்து இது," என்றார். செல்வியின் மகள் நர்சிங் படிக்கிறாள். முன்பு தினமும் எங்கள் வண்டியில் போனவள். இப்போது டவுன் பஸ் முன்னதாக வருவதால் சாப்பாடு ஆகும் முன்பே கிளம்பிவிடுகிறாள்.

வண்டியில் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அப்பா நடத்திய காலத்தில் டிரைவருக்குப் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் தூக்குச்சட்டிகள் அடுக்கியிருக்கும். கடையில் இருப்பவருக்குச் சாப்பாடு, படிக்கும் பிள்ளைக்கு மறந்த நோட்டு, மகள் வீட்டுக்கு முருங்கைக்காய். டவுன் பஸ் வந்த பிறகு அது நின்றிருந்தது. ஏன் நின்றது என்று குமரேசனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பையை வாங்கிக்கொண்ட பெண்ணிடம் நான் கேட்டேன்.

"வண்டியில ஏறாம பைய மட்டும் எப்படிக் குடுக்கறதுனு அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி அத்தே. இப்ப பையே கேக்கற மாதிரி எழுதிட்டாங்க."

குமரேசன் அவளை முறைத்தான். "உங்கம்மாவுக்குச் சொல்லு. மூடிய இறுக்கி மூடலன்னா கயிறு நாறிப்போவும்."

"நீங்க திட்டுவீங்கன்னும் சொன்னாங்க," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

மறுநாள் மேலும் மூன்று பைகள். அதற்கு மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு புடவை: "எனக்கு ஃபால்ஸ் வைக்கணும். டெய்லர் லேட்டுனு கத்துவாரு, கண்டுக்காத." ஒரு சாவி: "அவரு ஆபீஸ்ல இருக்காரு, நான் இங்க இருக்கேன், வீடு பூட்டிக் கெடக்குது." ஒரு பெரிய பூசணிக்காய் கயிறு தாங்காது என்பதால் ஜன்னலோர இருக்கையில் வைக்கப்பட்டிருந்தது: "அடி அண்ணாமலை போறேன். யார் தொந்தரவும் வேணாம்." குமரேசன் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் காம்பில் செருகினான்.

பெண்கள் டவுன் பஸ்ஸில் முன்னதாகப் போய் இறங்கி, நிறுத்தத்திலேயே நின்றார்கள். எங்கள் வண்டி வந்ததும் படியருகில் வந்து கை நீட்டினார்கள்.

"ஏற மாட்டேன்றாங்க," என்றான் குமரேசன். "ஆனா எனக்காகக் காத்துனு நிக்கறாங்க. இதுக்கு இன்னா பேருக்கா?"

 

இனியாவுக்கு வேறு சந்தேகம். சாம்பார் கொட்டினால் யார் பொறுப்பு, விதிமுறை எங்கே எழுதியிருக்கிறது? நான் மொழிபெயர்த்தேன்.

"கொட்டினா நான் திட்டு வாங்குவேன். அதான் பொறுப்பு," என்றான் அவள் மாமா. அவள் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

கயிறு தளர்ந்து தொய்ந்தது. குமரேசன் வெல்டிங் கடைக்குப் போய் வண்டியின் நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி அடித்துக்கொண்டு வந்தான். விற்கப்போகிற வண்டிக்குக் கம்பி அடிப்பானா என்று நான் பாஷா அண்ணனைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

தீபத்துக்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் வந்தார். தன்மையான மனிதர். வண்டிக்குள் ஏறி, கம்பியில் தொங்கியவற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். இரண்டு அட்டைகளைப் படித்துச் சிரித்தார். பிறகு இருக்கைகளைப் பார்த்தார்.

"பை இருக்குது. ஆளு கம்மியா இருக்கே தம்பி."

"ஆமாங்க."

"பைய நம்பி வண்டி ஓட்ட முடியுமா? நான் உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"யோசிச்சிச் சொல்றேன்க."

"நாளைக்குத் தீபம்."

"தெரியும்க."

அவர் இறங்கும்போது குமரேசன் கைகூப்பவில்லை. "பாத்து எறங்குங்க, படி வழுக்கும்" என்றான்.

தீபத்தன்று வண்டிகள் ஊருக்குள் போகாது, ஊர் எல்லையில் தற்காலிக நிலையத்தோடு திரும்பிவிடும். அன்று பைகள் வரவில்லை, ஆனால் எங்கள் வண்டியில் ஆட்களுக்கு நிற்க இடமில்லை. மாலை ஆறு மணிக்கு நாங்கள் கீழ்பென்னாத்தூரில் மாடியில் நின்றோம். மலை உச்சியில் ஒரு புள்ளி எரிந்தது. குமரேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். காண்ட்ராக்டருக்கு என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாள் எங்களுக்கு விமானம்.

8

நார்வேக்குத் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இனியா வகுப்பில் பேசினாள். மலையின் உயரத்தைச் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்கப் பைகளைப் பற்றிச் சொன்னாளாம். ஆசிரியை, இது அங்கே அரசின் திட்டமா என்று கேட்டாராம். "மாமாவுடைய திட்டம்" என்றாளாம். அதற்குப் பிறகு, தமிழ் எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துக் கேட்டாள். கொடுத்தேன். இப்போது அது அவள் மேசையில் மற்ற தாள்களுக்கு அடியில் இருக்கிறது.

இன்று காலை பஸ்ஸில் சிவப்புக் கையுறையைக் காணோம். கிளிப் மட்டும் இருந்தது. உரியவர் எடுத்துப்போனாரா, கழற்றிவிட்டார்களா, ஓட்டுநருக்கும் தெரியவில்லை. "நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்," என்றார். அவர் ஒரு பயணியிடம் இத்தனை சொற்கள் பேசி நான் கேட்டதில்லை.

கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. "ஹாய் ஏழுமலை! போன மாதம் உங்களை அதிகம் காணோம். திரும்பி வந்ததில் மகிழ்ச்சி." அதைக் குமரேசனுக்கு அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் ஒரு படம் வந்தது. வண்டியின் முகப்பு. முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயின்டில் அப்பா பெயர். அதன் பின்னால் குரல் செய்தி.

"காண்ட்ராக்டர் வேற வண்டி பாத்துக்கினாருக்கா. பங்குனி வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வந்து கேக்கறேன்னாரு. பாப்பாகிட்ட சொல்லு, அட்டை தீந்துபோச்சி." நடுவில் யாரையோ அதட்டினான். "யோவ், அது மோர்க் கொழம்பு, சாய்க்காத!"

கூடவே வண்டியின் உட்புறத்தை எடுத்த ஒரு வீடியோவும் இருந்தது. இன்றைய முதல் நடை. ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பியில் இடமில்லை.